ஸ்பைடர்-மேன் யாருடைய சொத்து?

2012 மே மாதம் வெளியான, மார்வெல் நிறுவனத்தின் அவெஞ்சர்ஸ் படத்தின் கடைசிப் பகுதி முழுக்க நியூயார்க் நகரத்தில் நடக்கிறது. வேற்றுக்கிரகப் படை வானத்தைப் பிளந்துகொண்டு இறங்குகிறது. கட்டடங்கள் சரிகின்றன. அயர்ன் மேனும் தோரும் ஹல்க்கும் தெருத்தெருவாகச் சண்டை போடுகிறார்கள். அதே நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிதான் ஸ்பைடர்-மேனின் சொந்த ஊர். காமிக்ஸ் புத்தகங்களில் இவர்கள் எல்லோரும் 1960களிலிருந்தே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆனால் ஊரே இடிந்துகொண்டிருந்த அன்றைக்கு அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டே மாதத்தில், ஜூலையில், அவனுடைய படம் வேறொரு நிறுவனத்திடமிருந்து வந்தது. அதிலும் அதே நியூயார்க்தான். ஆனால் அந்த நியூயார்க்கில் அவெஞ்சர்ஸ் என்று யாருமே இல்லை.

காரணத்தைக் கதையில் தேடினால் கிடைக்காது, வக்கீல்கள் எழுதிய ஒப்பந்தத்தில் தேட வேண்டும். காமிக்ஸில் ஒன்றாக வளர்ந்த பாத்திரங்கள் சினிமாவுக்கு வந்தபோது வெவ்வேறு முதலாளிகளிடம் பிரிந்து கிடந்தார்கள். யார் எந்தப் படத்தில் வரலாம், யாருடைய பெயரை உச்சரிக்கலாம் என்பது வரைக்கும் அந்தக் காகிதங்கள்தான் முடிவு செய்தன. இந்தப் படங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் ஒரு விஷயத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வது நல்லது. இந்தத் தொழிலில் விற்பனைக்கு இருக்கும் உண்மையான சரக்கு பாத்திரம்தான். புத்தகம், படம், பொம்மை, நடிகர் தேர்வு எல்லாமே அந்தப் பாத்திரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நடக்கின்றன.

பட்டாவும் குத்தகையும்

நிலத்தை வைத்து யோசித்தால் எளிதாகப் புரியும். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், உழுகிறவர் குத்தகைக்கு எடுத்தவராக இருப்பார். ஸ்பைடர்-மேனின் பட்டா மார்வெல் பெயரில் இருக்கிறது. காமிக்ஸ் புத்தகம் போடுவதும் அவர்கள்தான். ஆனால் அவனை வைத்து சினிமா எடுக்கும் உரிமை மட்டும் தனியாகப் பிரிக்கப்பட்டு சோனி நிறுவனத்திடம் இருக்கிறது. குத்தகைக்கு எடுத்தவர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவைத்தால் ஒப்பந்தப்படி அது உரியவரிடம் திரும்பிவிடும். சோனியும் குறிப்பிட்ட காலத்துக்குள் அடுத்த படத்தைத் தொடங்கியாக வேண்டும், இல்லையென்றால் உரிமை மார்வெலுக்குப் போய்விடும். ஸ்பைடர்-மேன் படங்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் சீக்கிரமாக, நடிகரை மாற்றி மாற்றி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கின என்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். 2002, 2004, 2007 என மூன்று படங்களில் டோபி மெக்வயர், 2012, 2014 என இரண்டு படங்களில் ஆண்ட்ரூ கார்ஃபீல்டு, 2016லிருந்து டாம் ஹாலண்ட்.

இந்தக் கெடு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு, மார்வெலின் இன்னொரு சூப்பர்ஹீரோ குழுவான ஃபென்டாஸ்டிக் ஃபோர் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஜெர்மானியத் தயாரிப்பாளர் பெர்ண்ட் ஐஷிங்கர் 1980களில் அந்தப் பாத்திரங்களின் சினிமா உரிமையை வாங்கினார். 1992 டிசம்பர் 31க்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை போய்விடும். பெரிய பட்ஜெட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. குறைந்த செலவில் படமெடுப்பதில் பேர்போன ராஜர் கார்மனோடு சேர்ந்து, சுமார் 10 லட்சம் டாலரில், கெடு முடிவதற்குச் சில நாட்கள் முன்னால் கேமராவை ஓடவிட்டார். நடிகர்கள் மனப்பூர்வமாக நடித்தார்கள். தங்கள் கைக்காசைப் போட்டு ஊர் ஊராகப் போய் விளம்பரமும் செய்தார்கள். படம் முடிந்தது, டிரெய்லர் வந்தது, ஆனால் தியேட்டருக்கு வரவே இல்லை. உரிமையைத் தக்கவைப்பதற்காகத்தான் அது எடுக்கப்பட்டது என்று மார்வெல் எழுத்தாளர் ஸ்டான் லீ பின்னால் சொன்னார். தயாரிப்புத் தரப்பு அதை மறுத்தது. எப்படியிருந்தாலும் உரிமை ஐஷிங்கர் கையிலேயே நின்றது. 2005இல் ஃபாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து பெரிய பட்ஜெட்டில் வேறு படமும் எடுத்தார். அந்த முதல் படத்தில் நடித்தவர்களின் உழைப்பு இன்றைக்கும் திருட்டுப் பிரதிகளில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நடிகர்களை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மார்வெல் ஏன் விற்றது?

இவ்வளவு பெரிய சொத்தைத் துண்டு துண்டாக ஏன் கொடுத்தார்கள்? கையில் காசில்லாததால்தான்.

1989இல் ரொனால்ட் பெரல்மேன் என்ற கோடீஸ்வரர் 8.25 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கினார். அது காமிக்ஸ் புத்தகங்களை முதலீடாக வாங்கிக் குவித்த காலம். பழைய இதழ்கள் ஏலத்தில் பெரும் விலைக்குப் போவதைப் பார்த்தவர்கள், புது இதழ்களையும் ஐந்து பத்துப் பிரதிகளாக வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டிவைத்தார்கள். 1991இல் புதிதாகத் தொடங்கிய எக்ஸ்-மென் முதல் இதழ் ஐந்து வெவ்வேறு அட்டைகளோடு வந்து 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பழைய இதழுக்கு விலை வந்ததே அது அரிதாகக் கிடைப்பதால்தான். 80 லட்சம் பிரதிகள் பத்திரமாக இருக்கும் இதழை யார் அதிக விலைக்கு வாங்குவார்கள்? இது மக்களுக்கு உறைத்ததும் சந்தை படுத்துவிட்டது. அமெரிக்கா முழுக்க காமிக்ஸ் கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு போட்டது. 1998இல் டாய் பிஸ் என்ற பொம்மைக் கம்பெனியோடு இணைந்துதான் மீண்டது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் மார்வெலை நடத்தியவர்கள் பொம்மை வியாபாரிகள். படம் வந்தால் பொம்மை விற்கும், படத்தை யார் எடுத்தால் என்ன என்பது அவர்களுடைய கணக்கு.

எக்ஸ்-மென் ஏற்கெனவே 1993இல் ஃபாக்ஸுக்குப் போயிருந்தது. ஸ்பைடர்-மேன் உரிமை பல கை மாறி, வழக்குகளில் சிக்கி, 1999இல் சோனிக்கு வந்தது. அந்தச் சமயத்தில் மார்வெல் தன்னிடம் மிச்சமிருந்த கிட்டத்தட்ட எல்லாப் பாத்திரங்களின் சினிமா உரிமையையும் சேர்த்து 2.5 கோடி டாலருக்குத் தர முன்வந்ததாகவும், ஸ்பைடர்-மேன் மட்டும் போதும் என்று சோனி சொல்லிவிட்டதாகவும் பிற்பாடு செய்திகள் வந்தன. அயர்ன் மேன், தோர், பிளாக் பேந்தர் எல்லோரும் அப்போது யாருக்கும் வேண்டாதவர்கள். 2002இல் வந்த முதல் ஸ்பைடர்-மேன் படம் உலக அளவில் 82 கோடி டாலர் வசூலித்தது. அதில் மார்வெலுக்குக் கிடைத்தது சிறிய சதவீதம்தான்.

அப்போதுதான் டேவிட் மைசல் என்பவர் ஒரு யோசனையோடு வந்தார். படத்தை நாமே எடுத்தால் என்ன? 2005இல் மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் ஏற்பாட்டில் 52.5 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். அடமானமாக வைத்தது பத்துப் பாத்திரங்களின் சினிமா உரிமையை. கேப்டன் அமெரிக்கா, பிளாக் பேந்தர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், ஆன்ட்-மேன், அவெஞ்சர்ஸ் குழு எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. படங்கள் ஓடாவிட்டால் இவர்கள் கடன் கொடுத்தவர்களிடம் போயிருப்பார்கள். ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஈடாக வைத்து அரை பில்லியன் டாலர் புரட்ட முடிந்தது என்பதே இந்தத் தொழிலில் எதற்கு மதிப்பு என்று காட்டிவிடுகிறது.

முதல் படமாக அயர்ன் மேனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவனுடைய உரிமை மூன்று பெரிய ஸ்டூடியோக்களிடம் சுற்றிவிட்டு, படமே எடுக்கப்படாமல் மார்வெலிடம் திரும்பியிருந்தது. குழந்தைகளைக் கூட்டிவைத்து, எந்தப் பாத்திரத்தின் பொம்மை வேண்டும் என்று கேட்டபோது அயர்ன் மேனைக் கை காட்டினார்கள், அதனால்தான் அவன் முதலில் வந்தான் என்று இந்த வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பொம்மைக் கம்பெனி நடத்தும் ஸ்டூடியோவுக்கு அது பொருத்தமான கேள்விதான்.

நடிகரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் முதலில் ஹீரோவின் கால்ஷீட், அப்புறம்தான் கதை. சூப்பர்ஹீரோ சினிமாவில் தலைகீழ். போஸ்டரில் ஆள் இழுக்கும் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அது பாத்திரத்தின் பெயர். அதனால் முகமூடிக்குள் இருப்பவர் பெரிய நட்சத்திரமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் பாத்திரம் மட்டுமே போதுமா என்ற பயமும் முதலீட்டாளருக்கு இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே 1978இல் வந்த சூப்பர்மேன் படம் ஒரு வழி கண்டுபிடித்தது. சூப்பர்மேனாக அதிகம் பேர் அறியாத கிறிஸ்டோபர் ரீவ். அப்பா வேடத்தில் மார்லன் பிராண்டோ, வில்லனாக ஜீன் ஹேக்மேன். திரையில் 20 நிமிடம்கூட வராத பிராண்டோவுக்கு 37 லட்சம் டாலரும் வசூலில் பங்கும். பெயர் வரிசையில் பிராண்டோ முதலில், ஹேக்மேன் இரண்டாவது, படத்தின் ஹீரோ மூன்றாவது. புதுமுகம் நாயகன், பெரிய நடிகர்கள் பக்கத்தில் என்ற இந்த ஏற்பாடு இன்றுவரை பல படங்களில் தொடர்கிறது. தோர் படத்தில் கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்துக்கு அப்பாவாக ஆண்டனி ஹாப்கின்ஸ் வந்ததும் அதே வழியில்தான்.

1989இல் வந்த பேட்மேன் படத்துக்கு மைக்கேல் கீட்டனை எடுத்தபோது ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அவர் அதுவரை காமெடிப் படங்களில் அறியப்பட்டவர். பேட்மேன், சூப்பர்மேன் இருவரையும் கையில் வைத்திருந்த வார்னர் நிறுவனத்துக்கு 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் வந்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு அதே கீட்டனைத்தான் சிறந்த பேட்மேன் என்று பலர் கொண்டாடுகிறார்கள். நடிகர் அறிவிப்பு வந்த அன்றே எழும் கோபத்தை வைத்துப் படத்தை எடைபோடக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இந்த ஒரு உதாரணமே போதும்.

சரி, அயர்ன் மேனுக்கு வருவோம். ராபர்ட் டவ்னி ஜூனியர் திறமையில் குறை இல்லாதவர். ஆனால் போதைப் பழக்கத்தால் வாழ்க்கை சிதறி, 1999இல் கலிஃபோர்னியச் சிறைக்குப் போய்ச் சுமார் ஒரு வருடம் இருந்தவர். அவரை வைத்துப் படமெடுக்க இன்சூரன்ஸ் கம்பெனிகள் தயங்கின. கடன் வாங்கி, பாத்திரங்களை அடமானம் வைத்து எடுக்கும் முதல் படத்தில் அப்படியொருவரா என்று மார்வெல் நிர்வாகம் மறுத்துவிட்டது. இயக்குநர் ஜான் ஃபேவ்ரோ விடவில்லை. நடிகர் தேர்வைக் கவனித்தவர் சாரா ஃபின். நடிப்புச் சோதனைக்குக் கேமரா முன்னால் வந்து டவ்னி வசனம் பேசியதைப் பார்த்த பிறகு மறுப்புகள் கரைந்தன. பணக்காரன், கெட்டிக்காரன், தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் பழக்கமுள்ளவன், அடிபட்டுத் திருந்துகிறவன். டோனி ஸ்டார்க் பாத்திரத்துக்கு எழுதப்பட்டதை அவர் வாழ்ந்தே பார்த்திருந்தார். 2008 மே மாதம் வந்த படம் உலக அளவில் 58 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. முதல் படத்துக்கு அவர் வாங்கியது சுமார் 5 லட்சம் டாலர் என்றும், துணைப் பாத்திரத்தில் நடித்த டெரன்ஸ் ஹோவர்ட் அதைவிடப் பல மடங்கு வாங்கினார் என்றும் பத்திரிகைகள் எழுதின. இரண்டாம் பாகத்தில் ஹோவர்டுக்குப் பதில் டான் சீடல் வந்தார். டவ்னியின் சம்பளமோ 2012 அவெஞ்சர்ஸுக்குள் 5 கோடி டாலர் அளவுக்குப் போய்விட்டது.

டவ்னிக்கு இது எப்படிச் சாத்தியமானது, மற்றவர்களுக்கு ஏன் உடனே சாத்தியமாகவில்லை? இங்கேதான் பலபட ஒப்பந்தம் என்ற விஷயம் வருகிறது. ஒரு பாத்திரத்துக்கு நடிகரை எடுக்கும்போதே ஆறு படம், ஒன்பது படம் என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஸ்டூடியோ அத்தனை படமும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. கூப்பிட்டால் நடிகர் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம்தான் உண்டு. பின்னால் வரும் படங்களின் சம்பளமும் பெரும்பாலும் அப்போதே பேசி முடிக்கப்பட்டுவிடும். படம் பிய்த்துக்கொண்டு ஓடினாலும் நடிகரால் திடீரென்று பத்து மடங்கு கேட்க முடியாது. பாத்திரத்தின் முகமாக ஒருவர் மாறிவிட்ட பிறகு பேரம் அவர் பக்கம் சாய்ந்துவிடும் என்பது ஸ்டூடியோவுக்குத் தெரியும், அதற்காகத்தான் முன்கூட்டியே பூட்டு.

கிறிஸ் எவன்ஸுக்குக் கேப்டன் அமெரிக்கா வேடம் வந்தபோது ஒன்பது படம் என்றார்கள். அவர் பயந்துவிட்டார். பத்து வருடம் ஒரே சீருடைக்குள் கழியும், வெளியே தலைகாட்ட முடியாது என்ற கவலை. முதலில் மறுத்தார். ஒன்பதை ஆறாகக் குறைத்து, அம்மாவும் டவ்னியும் பேசிய பிறகு ஒத்துக்கொண்டார். அவர் ஏற்கெனவே ஃபாக்ஸ் எடுத்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் படங்களில் ஹ்யூமன் டார்ச் ஆக நடித்தவர். வேறு நிறுவனம், வேறு ஒப்பந்தம் என்பதால் அது தடையாக இல்லை.

கையெழுத்து போட்ட பழைய காகிதம் புதிய வாய்ப்பைத் தடுத்த கதையும் உண்டு. பிளாக் விடோ வேடத்துக்கு முதலில் கேட்டது எமிலி பிளண்ட்டை. அவர் 2006இல் ஃபாக்ஸுக்கு ஒரு படம் நடித்தபோது, இன்னொரு படத்துக்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து ஃபாக்ஸ் அவரைக் கலிவர்ஸ் டிராவல்ஸ் படத்துக்குக் கூப்பிட்டது. போயே ஆக வேண்டிய நிலை. வேடம் ஸ்கார்லெட் ஜொஹான்சனுக்குப் போனது. ஹ்யூ ஜேக்மேன் வுல்வரின் ஆனதும் இப்படியொரு தேதிச் சிக்கலில்தான். அந்த வேடத்துக்கு எடுத்திருந்த டூக்ரே ஸ்காட், மிஷன் இம்பாசிபிள் இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு நீண்டுகொண்டே போனதால் வர முடியவில்லை. எக்ஸ்-மென் படப்பிடிப்பு தொடங்கிய பிறகு அவசரமாக வந்து சேர்ந்தவர் ஜேக்மேன். 2000இல் தொடங்கிய அந்த வேடம் 2024 வரை அவரை விடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சாமுவேல் ஜாக்சன் கதை. 2002இல் மார்வெல் வெளியிட்ட அல்டிமேட்ஸ் காமிக்ஸில் நிக் ஃப்யூரி பாத்திரத்தை ஓவியர் பிரையன் ஹிட்ச் அப்படியே ஜாக்சனின் முகத்தோடு வரைந்தார். காமிக்ஸ் பிரியரான ஜாக்சன் ஒரு நாள் கடையில் தன் முகத்தைத் தானே பார்த்தார். அவருடைய ஏஜென்ட் மார்வெலைக் கூப்பிட்டுக் கேட்க, வழக்கு வம்பு எதுவும் இல்லாமல், படம் எடுத்தால் இந்த வேடம் உங்களுக்கே என்று பேச்சு முடிந்தது. அயர்ன் மேன் படம் முடிந்து பெயர்கள் ஓடிய பிறகு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவர் வந்து நின்றார். 2009இல் ஒன்பது படத்துக்கு ஒப்பந்தம்.

தமிழில் பார்த்தவர்களுக்கும் நடிகர் தேர்வு ஒரு பிரச்சினையாக வந்ததுண்டு. 2019இல் அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் தமிழ் டப்பிங்கில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள், வசனம் ஏ.ஆர். முருகதாஸ். முந்தைய படங்களில் கேட்டுப் பழகிய குரலைக் காணோமே என்று வருத்தப்பட்டவர்கள் நிறையப் பேர். பிராண்டோவை எதற்காகச் சேர்த்தார்களோ அதே கணக்குதான் இங்கேயும்.

ஒரே ஆள், இரண்டு முதலாளிகள்

உரிமைப் பிரிப்பு எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் குவிக்சில்வர் என்ற பாத்திரத்தில் பார்க்கலாம். மின்னல் வேகத்தில் ஓடும் இவன், காமிக்ஸில் 1964இல் எக்ஸ்-மென் இதழில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டே அவெஞ்சர்ஸில் சேர்ந்தவன். அதனால் ஃபாக்ஸும் அவனைக் கேட்கலாம், மார்வெலும் கேட்கலாம். 2014இல் ஃபாக்ஸ் படத்தில் இவான் பீட்டர்ஸ், 2015இல் மார்வெல் படத்தில் ஆரோன் டெய்லர்-ஜான்சன். ஃபாக்ஸ் படத்தில் அவனைப் பிறவியிலேயே சக்தி பெற்ற மியூட்டன்ட் என்று அழைக்கலாம், ஆனால் அவெஞ்சர்ஸ் என்று வாயெடுக்கக் கூடாது. மார்வெல் படத்தில் அவன் அவெஞ்சர்ஸோடு சேர்ந்து சண்டை போடலாம், மியூட்டன்ட் என்ற சொல்லும், எக்ஸ்-மென் வில்லனான அப்பா மேக்னீட்டோவும் கிடையாது. ஆகவே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் சோதனை செய்து அவனுக்குச் சக்தி வந்ததாகக் கதை கட்டினார்கள்.

டிஸ்னி 2009இல் மார்வெலை 400 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்து அந்த வருடக் கடைசியில் வாங்கி முடித்தது. 2019 மார்ச்சில் ஃபாக்ஸின் பெரும்பகுதியையும் 7,130 கோடி டாலருக்கு வாங்கியது. எக்ஸ்-மென்னும் ஃபென்டாஸ்டிக் ஃபோரும் வீடு திரும்பியது அப்படித்தான். ஹல்க் கொஞ்சம் வேறு மாதிரி. அவனை வைத்து எடுக்கும் தனிப் படத்தை வெளியிடும் உரிமை யூனிவர்சலிடம் இருந்ததால், 2008க்குப் பிறகு மற்றவர்கள் படத்தில் மட்டுமே வந்துகொண்டிருந்தான்.

ஸ்பைடர்-மேன் மட்டும் இன்னும் சோனியிடம். 2015 பிப்ரவரியில் இரண்டு நிறுவனமும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. படத்துக்குப் பணம் போடுவது, வெளியிடுவது, வசூலை எடுத்துக்கொள்வது சோனி. கதையும் தயாரிப்பும் மார்வெல் ஸ்டூடியோஸ் பார்த்துக்கொள்ளும். பதிலுக்கு அவனை அவெஞ்சர்ஸ் படங்களிலும் பயன்படுத்திக்கொள்ளலாம். டிஸ்னிக்கு இதில் என்ன லாபம் என்றால், பொம்மை, சட்டை, புத்தகப்பை வருமானம் அவர்களுடையது. ஒரு படம் நன்றாக ஓடினால் உலகம் முழுக்கப் பள்ளிப் பைகளில் ஸ்பைடர்-மேன் ஏறிவிடுவான். 2019 ஆகஸ்டில் பங்குத் தகராறில் இந்த ஏற்பாடு முறிந்தது. டாம் ஹாலண்டே டிஸ்னி தலைவர் பாப் ஐகரிடம் போனில் பேசினார். செப்டம்பர் கடைசியில் மறுபடி கைகோத்தார்கள். டிஸ்னி கால் பங்கு முதலீடு போட்டு, லாபத்தில் கால் பங்கு எடுத்துக்கொள்ளும் என்று செய்திகள் வந்தன. தன் கையில் இருக்கும் பக்கத்துப் பாத்திரங்களை வைத்து, ஸ்பைடர்-மேன் இல்லாமலேயே சோனி தனிப் படங்கள் எடுத்தும் பார்த்தது. 2018இல் வெனம் நன்றாக ஓடியது. மோர்பியஸ், மேடம் வெப், கிரேவன் மூன்றும் அடுத்தடுத்து விழுந்தன.

வரைந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

இவ்வளவு கோடிகளைப் பேசிய பிறகு இதைப் பேசாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1938இல் கிளீவ்லேண்டைச் சேர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் சூப்பர்மேனின் முதல் கதையை, அதன் மொத்த உரிமையோடு, 130 டாலருக்கு விற்றார்கள். 13 பக்கம், பக்கத்துக்கு 10 டாலர். அந்த இதழின் விலை 10 சென்ட். 1940களின் கடைசியில் வழக்கு போட்டபோது சொற்பத் தொகையோடு முடிந்தது, அவர்களுடைய பெயரும் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1975இல் சூப்பர்மேன் பெரிய படமாகப் போகிறது என்ற செய்தி வந்தபோது சீகல் ஓர் எளிய குமாஸ்தா, ஷூஸ்டருக்குப் பார்வை மங்கிவிட்டது. படம் தோற்கட்டும் என்று சாபமிட்டு சீகல் பத்திரிகைகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற சக ஓவியர்கள் கூடவே நின்று போராடினார்கள். கடைசியில் ஆளுக்கு வருடம் 20,000 டாலரும், மருத்துவக் காப்பீடும், படைத்தவர்கள் என்ற பெயரும் கொடுக்க வார்னர் சம்மதித்தது. 130 டாலரும் அடங்கிய அந்தப் பழைய காசோலை 2012இல் ஏலத்துக்கு வந்தபோது 1,60,000 டாலருக்குப் போனது.

இப்படி நடந்ததற்குக் காரணம் கூலிக்குச் செய்த வேலை என்ற ஏற்பாடு. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வரைந்தால், பிறக்கும் பாத்திரம் கம்பெனியின் சொத்து. கேப்டன் அமெரிக்கா, தோர், ஹல்க், எக்ஸ்-மென் என்று பலவற்றுக்கு உருவம் கொடுத்த ஜாக் கிர்பி 1994இல் இறந்தார். அவருடைய பிள்ளைகள் உரிமை கேட்டு மார்வெலோடு போராடிக் கீழ்க்கோர்ட்டுகளில் தோற்றார்கள். விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்குப் போனபோது, 2014இல், மார்வெல் சமரசத்துக்கு வந்தது. பேட்மேனின் தோற்றத்திலும் கதைகளிலும் பெரும்பங்கு வகித்த பில் ஃபிங்கரின் பெயர் அதிகாரபூர்வமாக இடம்பெற 2015 ஆனது. அவர் இறந்து 41 வருடம் கழித்து. கேப்டன் அமெரிக்கா கதைகளில் வரும் விண்டர் சோல்ஜரை உருவாக்கிய எட் புரூபேக்கர், அந்தப் பாத்திரத்தைப் படைத்ததற்குக் கிடைத்ததைவிட, படத்தில் ஒரு சின்னக் காட்சியில் தலைகாட்டியதற்கு நடிகர் சங்க விதிப்படி வந்த பணம் அதிகம் என்று வெளிப்படையாகவே சொன்னார். நடிகருக்குச் சங்கம் இருக்கிறது, காமிக்ஸ் எழுதுகிறவருக்கு அப்படியொன்று இல்லாமல் போயிற்று. இதை நியாயம் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மாற்று வழியும் பிறந்தது. 1992இல் மார்வெலின் புகழ்பெற்ற ஓவியர்கள் ஏழு பேர் வெளியேறி இமேஜ் காமிக்ஸ் தொடங்கினார்கள். அங்கே படைத்தவருக்கே பாத்திரம் சொந்தம். இன்வின்சிபிள் என்ற சூப்பர்ஹீரோ காமிக்ஸ் அங்கேதான் வந்தது. பிறகு அது அனிமேஷன் தொடராக வந்தபோது எழுத்தாளர் ராபர்ட் கர்க்மன் தயாரிப்பாளர்களில் ஒருவராகவே இருந்தார்.

நம்மில் பலர் சிறுவயதில் கொண்டாடிய இரும்புக்கை மாயாவியும் இந்த உரிமைக் கைமாற்றத்துக்குத் தப்பவில்லை. 1962இல் பிரிட்டனில் ஃப்ளீட்வே வெளியிட்ட பத்திரிகையில் பிறந்து, 1972இல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தவன் அவன். அவனையும் சேர்த்து அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் சொத்தை 2018இல் ரெபெல்லியன் என்ற வீடியோ கேம் நிறுவனம் வாங்கிவிட்டது.

எந்தப் பட்டாவும் நிரந்தரமில்லை. அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்துப் படைப்புகளுக்குப் பதிப்புரிமை 95 ஆண்டு. 2034 ஜனவரி 1 அன்று சூப்பர்மேனின் முதல் கதை பொதுச்சொத்தாகிவிடும், அடுத்த ஆண்டு பேட்மேன். அதற்காக யார் வேண்டுமானாலும் எந்தச் சூப்பர்மேனையும் எடுத்துவிட முடியாது. பொதுவாகப் போவது 1938இல் அச்சானது மட்டும்தான். அந்தச் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். வில்லன் லெக்ஸ் லூதர் இன்னும் வரவில்லை, சூப்பர்மேனின் பலத்தைக் குலைக்கும் கிரிப்டோனைட்டும் இல்லை. அவை ஒவ்வொன்றும் அந்தந்த வருடக் கணக்குப்படி ஒன்றன்பின் ஒன்றாக விடுபடும். பெயரும் மார்பிலுள்ள சின்னமும் வணிகச்சின்னமாகப் பதிவாகியிருப்பதால், அவற்றை வைத்துப் பொருள் விற்க நினைப்பவர் 2034க்குப் பிறகும் வார்னர் நிறுவனத்தின் வக்கீல்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.